படமும் ஓர் அளவையே

(ஒரு கூட்டுறவு இன்ஸ்பெக்டர்)

கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் நாணயம் எதில் இருக்கிறது என்று கேட்டால், அதன் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது என்று சிலர் கூறுவர். அதன் தராசில் இருக்கிறது என்று நான் கூறுவேன். நெசவாளிக்குப் பட்டு நூலை நிறுத்துக் கொடுக்கிறோம்; அது புடவையாகத் திரும்பி வரும்போதும் நிறுத்தே வாங்குகிறோம். ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று எக்ஸ்ரே கருவியைக் கொண்டும் சோதிக்கிறோம். நெல் கொள்முதலில் எடையோடு ஈரப்பதமும் கருவியால் அளக்கப்பெறுகிறது. இவ்வளவும் செய்துவிட்டு, அதே புடவையை ஒரு கைப்பேசியின் முன் விரித்துப் படம் பிடித்து, அப்படத்தையே சரக்கின் மாதிரியாக உலகெங்கும் அனுப்பி வைக்கிறோம். அப்படத்தை எடுத்த காமிரா நிறத்தைச் சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்துப் பார்த்தோமா?

விற்பனைக்குப் படம் எடுக்கும் காமிராவும் தராசைப் போன்றதோர் அளவைக் கருவியே. ஆண்டுதோறும் அதைச் சோதித்து, அதன் பிழையைக் கணக்கிட்டு, பதிவேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். அது செய்யப்படும் வரையில், ‘நிறம் வேறு’ என்று திரும்பி வரும் சரக்குக்குச் சாயக்காரரையோ நெசவாளியையோ பொறுப்பாக்குதல் நியாயமன்று. இதுவே நான் அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்பும் அபிப்பிராயம்.

திரும்பி வரும் பார்சல்

முற்காலத்தில் புடவை வாங்க வந்தவர்கள் காஞ்சிபுரத்துக் கடைத் திண்ணையில் அமர்ந்து, ஒன்றுக்குப் பத்தாகப் பிரித்துப் பார்த்து, பிடித்ததை வாசலுக்கு எடுத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் ஒருமுறை விரித்துப் பார்த்த பிறகே பணம் கொடுத்தனர். கடை விளக்கு ஒரு நிறத்தையும் வெயில் வேறொரு நிறத்தையும் காட்டும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தனர். இன்று அந்த வாசற்படி இல்லை. 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் ஸ்தாபனமும் இணையவழியில் விற்கிறது. சிறு சங்கங்களும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி விற்கின்றன. வாங்குபவர் கண்ணுக்கும் சரக்குக்கும் நடுவே நிற்பது ஒரு படம் மட்டுமே.

அரக்கு என்று அனுப்பியது தக்காளிச் சிவப்பாகத் தெரிந்திருக்கும். வாடாமல்லி என்று அனுப்பியது வெறும் நீலமாகத் தெரிந்திருக்கும். மயில் கழுத்து நிறத்தில் பச்சை மறைந்து போயிருக்கும். பார்சலைப் பிரித்தவர், படத்தில் கண்டது இதுவன்று என்று திருப்பி அனுப்புகிறார். அது அவருடைய உரிமை. இணையவழி வணிகத்துக்காக 2020-இல் மத்திய அரசு வகுத்த நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் காட்டிய தன்மை சரக்கில் இல்லையெனில், அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. ஆகவே படம் என்பது அலங்காரம் அன்று. அது சங்கம் கொடுக்கும் வாக்குறுதி.

திரும்பி வந்த சரக்கின் கதியை அங்கத்தினர்கள் அறிவார்கள். போக வரத் தபால் செலவு சங்கத்தின் தலையில் விழுகிறது. மடிப்புக் கலைந்த புடவை அலமாரியில் உறங்கி, பிறகு தள்ளுபடி விற்பனைக்குச் செல்கிறது. இவற்றைவிட வருந்தத்தக்கது பதிவேட்டில் எழுதப்படும் காரணம். நான் ஆய்வுக்குச் சென்ற இடங்களில் ‘நிறக் குறைபாடு’ என்ற ஒரு சொல்லைக் கண்டிருக்கிறேன். குறைபாடு யாருடையது என்பது அதில் இராது. ஆனால் விளக்கம் கேட்கப்படுபவர் சாயக்காரர். அடுத்த பாவுக்குக் காத்து நிற்பவர் நெசவாளி. படம் எடுத்த கருவியை எவரும் விசாரிப்பதில்லை. தராசு தவறாக நிறுத்ததற்கு நெல் கொண்டு வந்தவர் மேல் குற்றம் சாட்டுவதை ஒக்கும் இது.

அண்டை வீட்டு வழக்கம்

நிறத்தை எண்ணால் அளக்க முடியுமா என்று சிலர் ஐயுறலாம். அதற்கு விடை தேடி வெகு தூரம் போக வேண்டுவதில்லை. காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் பெருஞ்சாலையின் ஓரத்திலேயே அது இருக்கிறது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. 2010-இல் ரெனோ–நிசான் கூட்டு முயற்சியும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் ஓரகடத்தில் வேலையைத் தொடங்கின. 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசிகள் செய்யப்பட்டன. 2007 முதல் சாம்சங் ஆலையும் அங்கே இயங்கி வருகிறது. ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் பூட்டப்பெறுகின்றன.

கார்த் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. காரின் உடல் இரும்புத் தகடு. முன்னும் பின்னும் உள்ள பம்பர் பிளாஸ்டிக். இரண்டுக்கும் பூச்சு வேறு வேறு இடத்தில் நடக்கலாம். ஆயினும் இரண்டையும் பொருத்தும்போது நிறம் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்காக அவர்கள் கண்ணை மட்டும் நம்புவதில்லை. ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்னும் நிறமானியைப் பல கோணங்களில் வைத்து, நிறத்தை எண்களாக எடுத்து, மூலமாதிரியின் எண்களோடு ஒப்பிடுகிறார்கள். வேற்றுமை வரம்பைத் தாண்டினால் அப்பகுதி நிறுத்தி வைக்கப்படும். மேலும், இத்தகைய ஆலைகளில் அளவைக் கருவி ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும்: எந்நாளில் சோதிக்கப்பட்டது, அடுத்த சோதனை எந்நாளில் என்று. நாள் கடந்த கருவியைக் கொண்டு அளக்கக் கூடாது.

நம் நெசவாளர், விவசாயிகள் வீட்டுப் பிள்ளைகள் பலர் அந்த ஆலைகளுக்குப் பஸ் ஏறிச் செல்கிறார்கள். பகலில் அச்சீட்டைப் பார்த்த பிறகே கருவியைக் கையில் எடுக்கும் பெண்ணின் தந்தை நெய்த கோர்வைப் புடவை, மாலையில் சோதிக்கப்படாத ஒரு கைப்பேசியால் படம் பிடிக்கப்பட்டு விற்பனைக்குச் செல்கிறது. இரண்டுக்கும் இடையே சில மைல் தூரமே உள்ளது. வழக்கத்திலோ வெகு தூரம்.

காமிரா ஏன் தவறுகிறது?

மனிதக் கண்ணில் நிறமறியும் செல்கள் மூவகை. டிஜிட்டல் காமிராவிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வடிகட்டிகள் உள்ளன. கோடாக் கம்பெனியின் பேயர் என்பவர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பையே பெரும்பாலான காமிராக்கள் பின்பற்றுகின்றன. ஆனால் கண் ஒளியைப் பிரிக்கும் விதமும் காமிரா பிரிக்கும் விதமும் ஒன்றல்ல. கண்ணுக்கு வேறாகத் தெரியும் இரு சாயங்கள் காமிராவுக்கு ஒன்றாகத் தெரியலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிபவை காமிராவுக்கு வேறாகலாம். ஒவ்வொரு காமிராவின் வடிகட்டியும் சிறிது வேறானதால், ஒரே புடவை இரண்டு கைப்பேசிகளில் இரண்டு நிறமாக வருகிறது.

இரண்டாவது காரணம் வெளிச்சம். சன்னல் வெளிச்சம் நீலம் சார்ந்தது, பழைய குண்டு பல்பின் ஒளி மஞ்சள் சார்ந்தது, மலிவான எல்.இ.டி. விளக்குகளிற் பல சிவப்பை மங்கலாக்கும். காமிரா தானாகவே வெளிச்சத்தை ஊகித்து வெண்மையைச் சரிசெய்கிறது. படம் முழுவதும் அரக்குப் புடவையே நிறைந்திருந்தால், அறையின் வெளிச்சமே சிவப்பு என்று அது தவறாக எண்ணிச் சிவப்பைக் குறைத்துவிடும். புடவையை நெருங்கிப் படம் எடுக்க எடுக்க நிறம் மாறுவதன் இரகசியம் இதுவே.

மூன்றாவது காரணம், கைப்பேசியின் நோக்கம். வானம் நீலமாகவும் முகம் பொலிவாகவும் தோன்றும்படி படத்தை அது அழகுபடுத்துகிறது. உல்லாசப் பயணத்துக்கு அது நல்லதே. சரக்கு விற்பவருக்கோ அழகு வேண்டா, உண்மை வேண்டும்.

புரொஃபைல் என்பது யாது?

ஒரு தராசு கிலோவுக்கு 20 கிராம் கூட்டிக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். எப்போதும் அதே 20 கிராம் என்று தெரிந்துவிட்டால், கழித்து எழுதி உண்மை எடையைப் பெறலாம். பிழையை அறிந்த தராசு பாதி திருந்திய தராசு. காமிராவுக்கு வர்ணப் புரொஃபைல் என்பது இத்தகைய திருத்தப் பட்டியலே. இந்த வெளிச்சத்தில், இந்தக் காமிரா, இன்ன நிறத்தை இன்ன எண்ணாகத் தருகிறது. உண்மையில் அது இன்ன எண்ணாக இருத்தல் வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் பட்டியல். நிறத்தை எண்ணால் குறிக்கும் முறை 1931-லேயே சர்வதேச ஒளியியல் கமிஷனால் வகுக்கப்பட்டது. ஒரு கருவியின் நிறத்தை மற்றொரு கருவி புரிந்துகொள்ளும் பொருட்டுப் புரொஃபைல்களுக்குப் பொது அமைப்பு வகுக்கச் சர்வதேச வர்ணக் கூட்டமைப்பு 1993-இல் ஏற்பட்டது.

இதற்கு வேண்டிய முத்திரைப் படிக்கல் ஒரு வர்ண அட்டை. 1976 முதல் புழக்கத்தில் இருக்கும் அட்டையில் 24 கட்டங்கள் உள்ளன. மனிதத் தோல், வானம், இலை, நீலப் பூ ஆகியவற்றின் நிறங்களும், தெளிந்த சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் முதலியனவும், வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஆறு படிகளும் அதில் அடங்கும். ஒவ்வொரு கட்டத்தின் எண்ணும் முன்பே அளக்கப்பட்டுள்ளது. அதன் விலை ஓர் அசல் ஜரிகைப் பட்டுப் புடவையின் விலைக்கு மேற்போகாது.

செய்யும் முறை

முதலாவது, சங்கத்தில் படம் எடுக்க ஓர் இடத்தையும் ஒரு வெளிச்சத்தையும் நிலையாகக் குறிக்க வேண்டும். வடக்குப் பார்த்த சன்னலாயின் சன்னல் மட்டும். விளக்காயின் விளக்கு மட்டும். இரண்டையும் கலத்தல் ஆகாது. விளக்கு வாங்கும்போது ‘சி.ஆர்.ஐ.’ என்னும் நிறங்காட்டு எண் 95-க்குக் குறையாததாகப் பார்த்து வாங்குதல் நலம். பின்புறச் சுவரும் விரிப்பும் சாம்பல் நிறமாகவோ வெள்ளையாகவோ இருக்கட்டும். பச்சைச் சுவரின் சாயல் பட்டின் மேல் படியும்.

இரண்டாவது, புடவை விரிக்கும் இடத்திலேயே அட்டையை வைத்துப் படம் எடுக்க வேண்டும். படத்தை ‘ரா’ என்னும் மூலவடிவத்தில் எடுத்தல் அவசியம். இவ்வடிவத்தில் காமிரா தன் அழகுபடுத்தலைப் புகுத்தாமல், கண்ட எண்களை ஏறக்குறையக் கண்டபடியே தரும். தனிக் காமிராக்கள் பெரும்பாலும், கைப்பேசிகளில் பலவும் இவ்வசதி உடையவை. வெள்ளைக் கட்டம் வெளுத்துப் போகாமலும், அட்டையின் மேல் பளபளப்பு விழாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, அப்படத்தைக் கம்ப்யூட்டரில் புரொஃபைல் செய்யும் மென்பொருளிடம் கொடுக்க வேண்டும். அது 24 கட்டங்களையும் அளந்து, உண்மை எண்ணோடு ஒப்பிட்டு, திருத்தப் பட்டியலைத் தானே தயாரிக்கும். ஆர்கில், டார்க்டேபிள் போன்ற மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. பிறகு அதே இடத்தில் எடுக்கும் மூலவடிவப் படங்களுக்கெல்லாம் அப்பட்டியலைச் சேர்க்கலாம். வெளிச்சமோ காமிராவோ மாறினால் புதுப் பட்டியல் வேண்டும்.

நான்காவதே முக்கியமானது, பலர் விட்டுவிடுவதும் அதுவே. அட்டை மங்கலான பூச்சால் ஆனது. நம் சரக்கோ சாயம் ஏற்றிய, பளபளக்கும் பட்டு. அட்டையின் நிறங்கள் சரியாக வந்ததனாலேயே பட்டின் நிறமும் சரியாக வரும் என்று கொள்ளலாகாது. ஆகையால் நம் சாயச்சாலையில் வழக்கமாக ஏற்றும் நிறங்களின் நூற்கழிகளை — அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில் கழுத்து, வாடாமல்லி, பாக்கு, வெங்காயத் தோல், எம்.எஸ். நீலம் என — ஓர் அட்டையில் சுற்றி, நிறமானி உள்ள ஒரு ஜவுளிச் சோதனைக்கூடத்தில் அளந்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த அட்டையைப் படம் எடுத்து, திருத்தத்துக்குப் பின் எவ்வளவு வேற்றுமை நிற்கிறது என்று பார்க்க வேண்டும். வேற்றுமையை ‘டெல்டா ஈ’ என்ற எண்ணால் குறிப்பர். 1 என்றால் கூர்ந்த கண்ணுக்கே ஏறக்குறையத் தெரியும் வேற்றுமை. சங்கம் சராசரி 3-க்குள் என்று ஒரு வரம்பை ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் யோசனை. வரம்பைத் தாண்டும் நிறங்களை மறைக்காமல் பதிவேட்டில் குறித்து, அந்நிறப் புடவைகளுக்கு நூல் துண்டு ஒன்றை முன்கூட்டியே வாடிக்கைக்காரருக்குத் தபாலில் அனுப்பலாம்.

சில மறுப்புகள்

வாங்குபவரின் திரை எப்படிக் காட்டுமோ, நம் படம் மட்டும் சரியாக இருந்து என்ன பயன் என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானதே. 1996-இல் ஏற்பட்ட ‘எஸ்-ஆர்ஜிபி’ என்ற பொதுத் திரை அளவுக்குள் சில செறிந்த நீலப்பச்சைகள் அடங்கவே மாட்டா. பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாக நெய்த இரட்டை நிறப் புடவையை எந்தப் புரொஃபைலும் ஒரே படத்தில் முழுதாகக் காட்டாது. அதற்கு இரு கோணங்களில் இரு படங்கள் வேண்டும். ஆயினும், வாங்குபவர் வீட்டுத் தராசு தவறாக இருக்கக் கூடும் என்பதற்காக நம் தராசைத் தவறாக வைத்துக்கொள்வதில்லை. நம் பிழையும் அவர் பிழையும் கூடினால் சரக்கு திரும்பும். நம் பிழை நீங்கினால் பாதி வழக்கு தீரும். எஞ்சிய பாதிக்கும், பிழை எங்கே என்று காட்ட நம் கையில் சான்று இருக்கும்.

உண்மையான படத்தைவிட மெருகேற்றிய படமே அதிகம் விற்கும் என்பது இரண்டாவது மறுப்பு. முதல் புடவைக்கு அது உண்மையாக இருக்கலாம். ஆனால் கூட்டுறவு ஸ்தாபனம் ஒரே புடவையை விற்றுவிட்டு ஊரை விட்டுப் போகும் வியாபாரி அன்று. 2004-இல் வந்த சில்க் மார்க் முத்திரையும், காஞ்சிப் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் எதற்காக? பட்டு என்றால் பட்டு, காஞ்சி என்றால் காஞ்சி என்று வாங்குபவர் நம்புவதற்காக. இழையையும் ஊரையும் பற்றி உண்மை சொல்லி, நிறத்தைப் பற்றி மட்டும் பொய் சொல்லலாமா?

செலவு என்பது மூன்றாவது மறுப்பு. சிறு சங்கம் ஒவ்வொன்றும் தனித்தனியே அட்டையும் விளக்கும் வாங்க வேண்டும் என்று நான் கூறவில்லை. நான்கைந்து சங்கங்கள் சேர்ந்து ஓர் அறையை அமைத்து முறை வைத்துக்கொள்ளலாம். தனித்து இயலாததைச் சேர்ந்து செய்வதற்காகவே நாம் கூடினோம்.

விவசாய அங்கத்தினர்களுக்கு

இது நெசவாளர் விஷயம் என்று விவசாய அங்கத்தினர்கள் ஒதுக்கிவிட வேண்டா. நெல்லுக்குத் தழைச்சத்து இடும் காலத்தை அறிய இலை வண்ண அட்டை உள்ளது. வெள்ளைப் பொன்னிக்கு 3-ம், பிற இரகங்களுக்கும் வீரிய ஒட்டுகளுக்கும் 4-ம் வரம்பு என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறுகிறது. அட்டையைப் பிடிக்கும்போது தன் உடல் நிழல் இலையின் மேல் விழும்படி நிற்க வேண்டும் என்பதும் அதன் விதி. நேர்வெயில் நிறத்தை மாற்றிக் காட்டும் என்பதே காரணம். நிலையான மாதிரி, நிலையான வெளிச்சம் என்ற இரண்டையும் வயலில் நம் விவசாயிகள் முன்பே கைக்கொண்டுள்ளனர்.

ஆனால் நோய்ப்பட்ட இலையைக் கைப்பேசியில் படம் எடுத்து ஆலோசனை கேட்கும்போது அவ்விதியை மறந்துவிடுகிறோம். மஞ்சள் பாய்ந்தது தழைச்சத்துக் குறைவாலா, துத்தநாகக் குறைவாலா, நோயாலா என்று நிறத்தைக் கொண்டும் ஊகிக்க வேண்டியிருக்கிறது. படம் பொய் சொன்னால் மருந்தும் பொய்யாகும். செலவு மட்டும் மெய்யாகும். நிழலில் எடுங்கள், இலையின் அருகே ஒரு வெள்ளைக் காகிதத்தையோ, இலை வண்ண அட்டையையோ சேர்த்துப் படம் பிடியுங்கள். பார்ப்பவர் ஒப்பிட்டுக்கொள்ள அது உதவும்.

செய்ய வேண்டியது

வரும் பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் மூன்று தீர்மானங்களைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விற்பனைப் படம் எடுக்கும் காமிராவைச் சங்கத்தின் அளவைக் கருவிகளின் பட்டியலில் சேர்ப்பது. ஆண்டுக்கொரு முறையும், விளக்கோ கருவியோ மாறும்போதெல்லாமும் புரொஃபைல் செய்து, சோதித்த நாளையும் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி அக்கருவியின் மேலேயே ஒட்டுவது. ‘நிறம் வேறு’ என்று சரக்கு திரும்பினால், முதலில் படத்தைப் புடவையோடும் நூல் மாதிரியோடும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சாயக்காரரையும் நெசவாளியையும் விளக்கம் கேட்பது. மூன்றாவது தீர்மானத்துக்குக் காலணாச் செலவில்லை. நாளையே நடைமுறைக்கு வரலாம். அட்டையும் விளக்கும் வாங்கத் தாமதமாயினும் அதற்குத் தாமதம் வேண்டா.

ஆலைகளுக்குச் செல்லும் நம் பிள்ளைகளில் கருவிச் சோதனை அறிந்தவர் ஒருவரேனும் ஒவ்வோர் ஊரிலும் இருப்பர். விடுமுறை நாளில் அவரைச் சங்கத்துக்கு அழையுங்கள். புதியதொரு சாஸ்திரத்தை அவர் நமக்குக் கற்பிக்கப் போவதில்லை. அளக்கும் கருவியை அளந்த பிறகே அளக்க வேண்டும் என்று நம் முன்னோர் தராசுக்கு வைத்த விதியையே காமிராவுக்கும் காட்டிக் கொடுப்பார்.